மெக்சிகோவில் செல்லோவுக்கு இசை எழுதிப் பிழைப்பது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: மெக்சிகோவில் ஒரு பெண் செல்லோவையும் (உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம்) இசையமைப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு அதையே தொழிலாக நடத்த முடியுமா? முடியுமென்றால் யாருடைய வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும்? ‘ட்சோனோட்’ என்ற செல்லோ கான்செர்ட்டோவின் (தனிக் கலைஞர் ஒருவர் இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு) பெயர் ஏன் இவ்வளவு அடிபடுகிறது?

முடியும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வேறு தொழில்களைப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். தாளில் எழுதி, அதை வேறொருவர் வாசிக்கக் கொடுப்பது ஒரு தொழில். அதில் இன்று மெக்சிகோவின் முதல் பெயர் கப்ரியேலா ஓர்த்தீஸ், 1964-இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். ‘ட்சோனோட்’ அவருடையதுதான், ஆனால் அவர் செல்லோ கலைஞர் அல்ல. வில்லைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, தானே எழுதி, பாடி, பதிவுசெய்து, ஊர் ஊராகப் போய் வாசிப்பது இன்னொரு தொழில். அதில் முதலில் சொல்ல வேண்டியவர் மாபே ஃப்ராத்தி. அவர் பிறந்தது குவாத்தமாலாவில். ஆல்பங்கள் வெளிவந்து பெயர் கிடைத்ததெல்லாம் மெக்சிகோ நகரத்துக்குக் குடிவந்த பிறகு. இருவரில் ஒருவரும் கேள்வியில் உள்ள வர்ணனைக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்த மாட்டார்கள். ஆனாலும் இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்பதை இவர்களை வைத்துத்தான் தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் ஓர்த்தீஸ். அவருடைய பெற்றோர் 1966-இல் உருவான லோஸ் ஃபோல்க்லோரிஸ்தாஸ் என்ற நாட்டார் இசைக்குழுவின் நிறுவனர்கள். லத்தீன் அமெரிக்கா முழுவதிலுமிருந்து பாட்டுகளையும் வாத்தியங்களையும் திரட்டி மேடையேற்றிய குழு அது. வீட்டில் கிட்டாரும், ஆண்டிஸ் மலைப்பகுதியின் பத்துத் தந்திச் சிறு வாத்தியமான சரங்கோவும். இன்னொரு பக்கம் முறைப்படி பியானோ. பத்திரிகைகள் இதை அழகுக்காக எழுதிவிட்டுப் போய்விடுகின்றன, ஆனால் இதற்கு நேரடியான பலன் ஒன்று உண்டு. மெக்சிகோவின் சோன் வகைப் பாட்டுகளில் ஆறு துடிப்புகளை ஒரு முறை மூன்று மூன்றாகவும் அடுத்த முறை இரண்டு இரண்டாகவும் பிரித்துப் போடுவார்கள். சில சமயம் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். ஓர்த்தீஸின் வேகமான பகுதிகளில் ஓடுவது இந்தக் கணக்குதான். படித்துத் தெரிந்துகொண்டு ஒட்டவைத்த நாட்டார் வாசனை என்றால் இரண்டு பக்கத்தில் சாயம் போய்விடும், இவரிடம் போகவில்லை.

படிப்பு: தேசிய இசைக் கல்லூரியில் மாரியோ லாவிஸ்தாவிடம், மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியில் ஃபெதெரிகோ இபார்ராவிடம். 1990-இல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகையில் லண்டன் போய் கில்ட்ஹால் பள்ளியில் ராபர்ட் சாக்ஸ்டனிடம். பிறகு அதே நகரத்தின் சிட்டி பல்கலைக்கழகத்தில் சைமன் எம்மர்சனிடம் மின்னணு ஒலியிசையில் முனைவர் பட்டம். இதில் லாவிஸ்தாவைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒரு வாத்தியத்துக்கு எழுத வேண்டுமென்றால் அதை வாசிப்பவரோடு உட்கார்ந்து ஒலியைத் தேடுவது அவருடைய வழி. 1984-இல் அவர் எழுதிய ‘ரெஃப்ளேஹோஸ் தே லா நோச்சே’ என்ற தந்தி நால்வர் இசையில் செல்லோ உட்பட நான்கு வாத்தியமும் ஹார்மோனிக்ஸ் மட்டுமே வாசிக்கும். தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் அந்த மெல்லிய சுரங்களைக் கொண்டே முழுப் படைப்பையும் கட்டியிருக்கிறார். இப்படிப்பட்டவரிடம் பாடம் கேட்டவருக்கு வாத்தியம் என்பது சுரவரிசை மட்டுமல்ல என்பது பழகிப்போகும். மின்னணு ஒலிப் படிப்பு அதன்மேல் இன்னொரு படி: வில் உரசும் சத்தம், மரம் அதிரும் சத்தம் எல்லாமே எழுதத்தக்க பொருளாகிவிடுகின்றன.

தொழில் எப்படி ஏறியது என்று பார்த்தால், என் கணிப்பில் ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறிப்பிட்ட கலைஞர் அல்லது குழு அவருடைய இசையைத் தங்கள் சொத்தாக எடுத்துக்கொண்டது. 1995-இல் ‘அல்தார் தே நியோன்’ தம்பூக்கோ தாளவாத்திய நால்வர் குழுவுக்காக, இசைக்குழுவோடு. 1997-இல் ‘அல்தார் தே முயெர்த்தோஸ்’ குரோனோஸ் நால்வர் குழு கேட்டு எழுதியது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வெளியுலகத்துக்கு அவர் பெரிய பெயர் இல்லை. ஓபரா எழுதினார், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், தேசியக் கலை விருது 2016-இல் வந்தது. 2017-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, குஸ்தாவோ துதாமேல் நடத்த, ‘தேனெக்’ படைப்பை அரங்கேற்றியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அங்கிருந்து சங்கிலி: 2019-இல் ‘யாங்கா’, 2021-இல் ‘கவ்யுமாரி’, வயலின் கலைஞர் மரியா துவேன்யாஸுக்காக ‘அல்தார் தே குவெர்தா’, 2023-இல் ‘ரெவோலுசியோன் தியமந்தினா’, 2024-இல் ‘ட்சோனோட்’. ஏழு ஆண்டுகளில் ஒரே இசைக்குழுவுக்கு ஆறு படைப்புகள். 2025 பிப்ரவரியில் ‘ரெவோலுசியோன் தியமந்தினா’ ஆல்பத்துக்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தபோது திடீர் வெற்றி மாதிரி எழுதினார்கள். முப்பது ஆண்டு வேலைக்குத் திடீர் என்று பெயர் வைப்பது பத்திரிகைகளுக்குக் கைவந்த கலை. 2024–25 பருவத்தில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் இசையமைப்பாளர் இருக்கையும் அவருக்குத்தான்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது விருது அல்ல, படைப்புகளின் நீளம். ‘கவ்யுமாரி’ ஏழு நிமிடம் சொச்சம். மெக்சிகோவின் பழங்குடிகளான விச்சாரிக்கா மக்களின் நீல மானை வைத்து எழுதியது. பெருந்தொற்று முடக்கத்துக்குப் பிறகு அரங்கம் திறந்தபோது முதலில் வாசிக்கப்பட்டது. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வைக்கலாம், தனிக் கலைஞருக்குக் கூடுதல் சம்பளம் இல்லை, ஒத்திகை நேரம் அதிகம் தின்னாது. அதனால் பல நாடுகளில் பல இசைக்குழுக்கள் எடுத்து வாசித்துவிட்டன. மாறாக, பாடகர்களும் முழு இசைக்குழுவும் தேவைப்படும் பாலே இசையான ‘ரெவோலுசியோன் தியமந்தினா’ எவ்வளவு பேசப்பட்டாலும் அடிக்கடி மேடையேறாது, கட்டுப்படியாகாது. கான்செர்ட்டோ இரண்டுக்கும் நடுவில்: அதை எழுதி வாங்கிய கலைஞர் எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊருக்குப் படைப்பும் போகும். ஓர்த்தீஸ் இன்னொரு வழியையும் வைத்திருக்கிறார். ‘அல்தார் தே முயெர்த்தோஸ்’ படைப்பின் கடைசிப் பகுதியான ‘லா கலாகா’வைத் தந்தி இசைக்குழுவுக்கு மாற்றி எழுதினார். நால்வர் இசையாக மட்டும் இருந்திருந்தால் தொட்டிருக்க முடியாத மாணவர் இசைக்குழுக்களும் அறை இசைக்குழுக்களும் இன்று அதை வாசிக்கின்றன. ஒரு முறை எழுதியதற்கு இரண்டு வாழ்வு.

இசையமைப்பாளர்களுக்கு அரங்கேற்றம் கிடைப்பது கடினம் என்பார்கள். உண்மையில் கடினமானது இரண்டாவது முறை வாசிக்கப்படுவது. ‘உலக முதல் அரங்கேற்றம்’ என்று போட்டால் விளம்பரத்துக்கு உதவும் என்பதால் புதுப்படைப்புக்குப் பணம் கொடுக்க ஆள் உண்டு. ஏற்கனவே வாசித்ததை எடுத்து வாசிக்கத்தான் ஆள் குறைவு. இதற்காகத்தான் இப்போது கூட்டு ஒப்பந்தம் வழக்கத்துக்கு வந்திருக்கிறது: இரண்டு மூன்று இசைக்குழுக்கள் சேர்ந்து எழுதும் கூலியைப் பங்கிட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றும் தன் நாட்டில் அல்லது தன் பகுதியில் முதல் அரங்கேற்றம் என்று போட்டுக்கொள்ளும். எழுதுபவருக்கு முதல் நாளே மூன்று நிகழ்ச்சி உறுதி.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை சில. நிமிடக் கணக்கு, வாத்தியங்களின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் தேதி, எத்தனை மாதம் அந்தக் குழுவுக்கு மட்டுமே உரிமை, முதல் ஒலிப்பதிவு உரிமை யாருக்கு. இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். விட்டுவிடுவது, தனித்தனி வாத்தியத் தாள்களைத் தயாரிக்கும் செலவு யாருடையது என்பதை. இருபது நிமிட இசைக்குழுப் படைப்புக்கு முப்பதுக்கும் மேற்பட்ட தனித் தாள்தொகுதிகள் வரும். எழுதுபவரே அதைச் சுமந்தால் கூலியில் ஒரு நல்ல பங்கு அங்கேயே கரைந்துவிடும். அமெரிக்க இசைக்குழு நூலகர்கள் எதிர்பார்ப்பது, முதல் ஒத்திகைக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் தாள்கள் கையில் இருக்க வேண்டும், சுரம் எழுதும் ஐந்து கோடுகளின் உயரம் வாசிக்கச் சிரமப்படும் அளவுக்குச் சிறுத்துவிடக் கூடாது என்பது. தந்திப் பிரிவில் இரண்டு பேர் ஒரே தாளைப் பார்த்து வாசிப்பார்கள், உள்பக்கம் இருப்பவர் புரட்டுவார். புரட்டும் இடத்தில் ஓய்வு இல்லையென்றால் அந்த நேரத்தில் பிரிவின் பாதிப் பேர் வாசிக்கவில்லை என்று அர்த்தம். ஒலி திடீரென்று மெலிந்ததற்குக் காரணம் தெரியாமல் இசையமைப்பாளர் பலத்தைக் கூட்டி எழுதுவார். பிழை எழுத்தில் இல்லை, தாளில் இருந்திருக்கும். புதுக் கான்செர்ட்டோவுக்குக் கிடைக்கும் ஒத்திகை நேரம் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒரு தவறான சுரத்தைத் தேடிப் பத்து நிமிடம் போனால் அது திரும்பி வராது.

இனி செல்லோ. மெக்சிகோவில் செல்லோவுக்கென்று இவ்வளவு புதுப் படைப்புகள் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் கார்லோஸ் பிரியேத்தோ என்ற ஒரு கலைஞர். 1937-இல் பிறந்தவர், எம்.ஐ.டி.யில் பொறியியலும் பொருளாதாரமும் படித்து, உருக்குத் தொழிலில் இருந்துவிட்டு, அதை உதறிவிட்டு முழுநேரச் செல்லோவுக்கு வந்தவர். 1720-இல் ஸ்ட்ராடிவாரி செய்த ‘பியாத்தி’ செல்லோவில் வாசித்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளை அரங்கேற்றினார், அவற்றில் பெரும்பாலானவை லத்தீன் அமெரிக்கர்கள் எழுதியவை. பெண் இசையமைப்பாளர்களில் மார்செலா ரோத்ரிகெஸின் செல்லோ கான்செர்ட்டோவும் அவர் வழியாக வந்ததுதான். எழுதச் சொல்லிக் கேட்கும் கலைஞர் ஒருவர் ஒரு நாட்டில் நாற்பது ஆண்டு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது கண்கூடு. செல்லோவோடு மின்னணு ஒலியைச் சேர்க்கும் பக்கத்தில், பிரேசிலில் பிறந்து மெக்சிகோவில் வாழும் இரசேமா தே அந்திராதே இதே வேலையைச் செய்கிறார்.

செல்லோவுக்கு எழுதும்போது எங்கே சறுக்கும்? நான்கு தந்திகளும் கீழிருந்து சி 65 ஹெர்ட்ஸ், ஜி 98, டி 147, ஏ 220. தனியாகக் கேட்கும்போது மனிதக் குரல் போல நெஞ்சைத் தொடுவது நடு ஸ்தாயி, சுமார் 130 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை. இசைக்குழுவில் வயோலா, பஸூன், ஹார்ன், டிராம்போன், கிளாரினெட்டின் அடிப்பகுதி எல்லாம் குடியிருப்பதும் அங்கேதான். பியானோவில் உட்கார்ந்து எழுதும்போது இது தெரியவே தெரியாது. முதல் ஒத்திகையில் தனிச் செல்லோக் கலைஞரின் வில் அசைவது மட்டும் கண்ணில் படும், சத்தம் வராது. ‘மென்மையாக’ என்று தாளில் குறி போட்டுச் சரிசெய்யப் பார்ப்பார்கள். பாதிதான் உதவும், ஏனென்றால் ஹார்ன் எவ்வளவு மென்மையாக வாசித்தாலும் அதே அலைவரிசையை நிரப்பும். சரியான மருந்து அந்த நடு வாத்தியங்களை எடுத்துவிடுவது: மேலே புல்லாங்குழல், ஹார்ப், தாளவாத்தியம், கீழே டபுள் பேஸின் பிட்சிகாட்டோ (வில் இல்லாமல் விரலால் மீட்டுவது), நடுவில் காலி இடம். அல்லது செல்லோவை ஏ தந்தியின் மேல்பகுதிக்கு ஏற்றிவிடுவது. அல்லது இசைக்குழு பேசும்போது செல்லோ சும்மா இருப்பது, செல்லோ பேசும்போது இசைக்குழு வாயை மூடிக்கொள்வது. நல்ல செல்லோ கான்செர்ட்டோக்கள் மூன்றையும் கலந்து செய்யும்.

கை அளவும் இருக்கிறது. தந்தியின் அதிரும் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர். செயற்கை ஹார்மோனிக் எழுப்ப, கட்டைவிரலால் ஒரு சுரத்தை அழுத்தி, அதற்கு நான்காம் சுரத்தை மூன்றாம் விரலால் தொட வேண்டும். இரண்டு ஸ்தாயி மேலே சுரம் கிடைக்கும். அந்த நான்காம் சுரம் இருப்பது மீதித் தந்தியின் கால் பங்கு தூரத்தில். தந்தியின் தொடக்கத்தில் அது 17 சென்டிமீட்டர், பலருடைய கை எட்டாது. ஒரு ஸ்தாயி மேலே போய்விட்டால் தூரம் 9 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும், தாராளமாகப் பிடிக்கலாம். வயலினை மனதில் வைத்து எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அதேபோல் பக்கத்துப் பக்கத்துத் தந்திகளில் ஒரே சுரத்தை ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்த்துப் பிடிப்பதும்: காலித் தந்தி (விரல் வைக்காத தந்தி) இல்லாவிட்டால் அடிப்பகுதியில் கட்டைவிரல் இல்லாமல் நடக்காது, கட்டைவிரலைத் தந்திமேல் வைக்கும் நிலைக்குப் போய் வர நேரம் வேண்டும். வேகமான பகுதியில் இதை வரிசையாக எழுதினால் கலைஞர் ஒன்றுவிட்டு ஒன்று விட்டுவிடுவார், உங்களுக்குத் தெரியாமலேயே.

இந்தப் பின்னணியோடு ‘ட்சோனோட்’ கேளுங்கள். அமெரிக்கச் செல்லோ கலைஞர் அலீசா வைலர்ஸ்டைனுக்காக எழுதப்பட்டு, 2024 அக்டோபரில் துதாமேல் நடத்த லாஸ் ஏஞ்சல்ஸில் அரங்கேறியது. யுகாத்தான் தீபகற்பத்தின் செனோத்தே எனப்படும் நிலத்தடி நீர்க்குகைகள்தான் பொருள். தலைப்பு அதற்கான மாயா மொழிப் பெயர். அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக் கல். பெய்யும் மழை நேராகக் கீழே இறங்கிவிடுவதால் வட யுகாத்தானில் மேல்தளத்தில் ஆறே இல்லை. குடிநீர் முழுக்க இந்தக் குகைகளையும் அவற்றை இணைக்கும் நிலத்தடி ஓட்டங்களையும் நம்பி. ஒரு இடத்தில் கழிவு இறங்கினால் பல கிலோமீட்டர் தள்ளிப் போய் எழும்பும். படைப்புக்கு நான்கு பகுதிகள்: குகைக்குள் செங்குத்தாக விழும் ஒளி, ஜாகுவாரின் கண், பச்சைக்கல், தோ பறவையின் பறத்தல். தோ என்பது வாலின் நுனியில் இரண்டு மட்டை வடிவ இறகுகள் கொண்ட மாட்மாட் பறவை. செனோத்தே சுவர்ப் பொந்துகளில் கூடு வைப்பதால், அதைப் பின்தொடர்ந்து போனால் தண்ணீர் கிடைக்கும் என்று மாயா மக்கள் அறிந்து வைத்திருந்தார்கள்.

கேட்கும்போது கதையைத் தேடாதீர்கள். செல்லோ எந்த ஸ்தாயியில் இருக்கிறது, அந்த நேரத்தில் இசைக்குழுவில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள். ஒளி, நீர் என்ற பொருளுக்கு ஹார்மோனிக்ஸும் மின்னும் தாளவாத்தியமும் பொருந்துவது இயல்பு. ஆனால் அதே தேர்வுதான் தனிச் செல்லோவுக்குக் காதில் இடம் விட்டுத் தருகிறது. கருத்தும் கைவேலையும் ஒரே முடிவில் சந்திக்கின்றன, ஓர்த்தீஸின் அனுபவம் தெரிவது அங்கேதான். ஜாகுவார் பகுதிக்கு வரும்போது முன்னே சொன்ன ஆறு துடிப்புக் கணக்கைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ராத்தியின் பாதை முற்றிலும் வேறு. குவாத்தமாலாவில் பெந்தெகொஸ்தே கிறிஸ்தவக் குடும்பம், சிறு வயதிலிருந்து செவ்வியல் செல்லோப் பயிற்சி, தேவாலயத்தில் தாள் இல்லாமல் பாட்டுக்கு இணைந்து வாசித்த பழக்கம். ஜெர்மனியின் கொய்த்தே நிறுவனம் ஏற்பாடு செய்த தங்கிப் பணிபுரியும் திட்டம் ஒன்றில் மெக்சிகோ நகரம் வந்து அங்கேயே தங்கினார். 2019-இல் ‘பியெஸ் சோப்ரே லா தியெர்ரா’, 2021-இல் ‘செரா கே ஆவோரா போத்ரேமோஸ் என்தெந்தேர்னோஸ்’, 2022-இல் ‘சே வே தெஸ்தே ஆக்கி’, 2024-இல் ‘சென்திர் கே நோ சாபேஸ்’. கிட்டார் கலைஞர் எக்தோர் தோஸ்தாவோடு டைட்டானிக் என்ற பெயரில் 2023-இல் ‘வித்ரியோ’, 2025-இல் ‘ஹாகென்’. அமோர் முயெரே என்ற பெண்கள் நால்வர் கூட்டணியிலும் இருக்கிறார். இங்கே உதவித்தொகைக் குழுவும் இல்லை, இசைக்குழு நூலகரும் இல்லை. ஆல்பம், சிறு லேபிள், ஐரோப்பியச் சுற்றுப்பயணம், கூட்டாளிகள், அவ்வளவுதான் அமைப்பு. ஒரு ஆண்டில் பல ஒத்துழைப்புகள் செய்வது ஆசைக்காக மட்டுமல்ல. ஒவ்வொரு கூட்டாளியும் புது நகரம், புது அரங்கம், புது கேட்பவர்கள்.

ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் ஒன்று தெரியும்: தொடக்கத்தில் அடுக்கடுக்கான செல்லோவும் எதிரொலியும் மேகம் மாதிரி, போகப்போக எதிரொலி குறைந்து, வில்லின் உரசல் அப்படியே காதருகில். ‘சென்திர் கே நோ சாபேஸ்’ ஆல்பத்தில் செல்லோ பல இடங்களில் பேஸ் கிட்டாரின் வேலையைச் செய்கிறது: பிட்சிகாட்டோவில் அடித்தளம், மேலே குரல், டிரம்ஸ், பித்தளை வாத்தியம். பாட்டு கட்டும் முறை மாறியிருக்கிறது, செல்லோவின் சாமர்த்தியம் காட்டும் இடம் அநேகமாக இல்லை. என் பார்வையில் இதுதான் அவருடைய முக்கிய முடிவு. செல்லோ இசைக்கலைஞர்களில் பெரும்பாலானவர்கள் லூப் பெடலில் (வாசித்ததைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கால்விசை) அடுக்கு மேல் அடுக்கு போட்டுக் கட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவது பாட்டிலேயே வடிவம் தெரிந்துவிடும்: மெதுவாகத் தொடங்கும், சேரும், உச்சம், நிற்கும்.

இந்த வழியில் போக நினைக்கும் செல்லோக்காரருக்கு மேடையில் வரும் தொல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) ஒட்டும் பியேசோ பிக்அப்பை (அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் சிறு கருவி) மிக்சரின் சாதாரண உள்ளீட்டில் செருகினால் ஒலி தகரம் போல மெலிந்து போகும். மிக்சரின் உள்ளீட்டு மின்தடை சில பத்தாயிரம் ஓம் மட்டுமே; பியேசோவுக்குக் குறைந்தது பத்து லட்சம் ஓம் வேண்டும். குறைந்தால் அடி ஸ்தாயி முழுதும் வடிந்துவிடும். அதற்கென்ற ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) நடுவில் இருந்தால் தீரும். அடுத்தது ஊளை. செல்லோவின் உடல் பெரிய காற்றுப்பெட்டி, சுமார் 100 ஹெர்ட்ஸில் காற்றும், அதற்கு மேல் 200 ஹெர்ட்ஸுக்குள் மரமும் தானாக அதிரும். மானிட்டர் ஸ்பீக்கர் அதே அலைவரிசையை உடலுக்குத் திருப்பி ஊட்டும். முதலில் ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சைத் திருப்பிப் பாருங்கள், பிறகு ஊளையிடும் அலைவரிசையை மட்டும் குறுகலாக வெட்டுங்கள், 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுதும் வெட்டிவிடுங்கள், அங்கே செல்லோவுக்கு வேலை இல்லை. பேஸ் குமிழை மொத்தமாகக் குறைப்பது கடைசி வழி, சி தந்தி செத்துவிடும்.

பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் லூப் பெடலுக்குப் பிக்அப் ஒலியை மட்டும் அனுப்ப வேண்டும். குரல் மைக்கையும் சேர்த்தால் டிரம்ஸ் உட்பட மேடை முழுதும் லூப்பில் பதிவாகி, சுற்றுக்குச் சுற்று சேறாகும். வில் கையில் இருப்பதால் லூப்பை மூடுவது கால்தான்; அரைத் துடிப்பு தப்பினால் டிரம்ஸ் வாசிப்பவர் முழுப் பாட்டுக்கும் அந்தத் தவறைத் துரத்திக்கொண்டிருப்பார். மூச்சும் வில்லும் இன்னொரு பிரச்சினை. வில் திரும்பும் இடத்திலேயே மூச்சு வாங்குவது உடம்பின் இயல்பு. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் வரி அறுந்ததுபோல் இருக்கும். வில் திருப்பத்தைச் சொல்லின் நடுவில் வைத்துப் பழகினால் குரல் மேலே தொடர்ந்து போகும்.

ஓநாய்ச் சுரம் இரண்டு பாதைக்கும் பொது. பெரும்பாலான செல்லோக்களில் ஈ முதல் எஃப் கூர்மை வரை, அதாவது 165 – 185 ஹெர்ட்ஸ் பகுதியில், ஜி, சி தந்திகளில் ஒரு சுரம் நடுங்கித் திக்கும். குதிரைக்கும், தந்திகளின் கீழ்முனையைக் கட்டியிருக்கும் கீழ்ப்பட்டைக்கும் நடுவே உள்ள தந்தித் துண்டில் சிறு பித்தளைக் குழாய் ஒன்றை மாட்டி, மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி, நடுக்கம் அடங்கும் இடத்தில் திருகுவார்கள். சரியான இடம் கிடைக்காமல் அப்படியே இறுக்கிவிட்டால் ஓநாய் போகாது, அந்தத் தந்தியின் ஒலிப்பு மட்டும் மங்கிப்போகும். மேடையில் உடனடித் தீர்வு வேண்டுமென்றால் முழங்கால்களால் உடலை இரண்டு பக்கமும் கொஞ்சம் நெருக்குவதுதான்.

பணம் எங்கிருந்து? தாளில் எழுதும் பாதைக்கு அரசு உதவி பெரிய தூண். 1989-இல் தொடங்கி, பின்னர் கலாச்சார அமைச்சகத்தோடு இணைக்கப்பட்ட தேசியக் கலை நிதி கொண்டுவந்த இளம் படைப்பாளர் உதவித்தொகை ஒரு ஆண்டுக்கு மாதச் சம்பளம் போல வரும். 1993-இல் தொடங்கிய தேசியப் படைப்பாளர் அமைப்பு மூன்று ஆண்டுக்குத் தரும், திரும்பவும் விண்ணப்பிக்கலாம். பதிலுக்குப் பயிலரங்கு, இலவச நிகழ்ச்சி என்று சமூகத்துக்குத் திருப்பித் தர வேண்டிய கடமை உண்டு. விண்ணப்பத்தில் பெரும்பாலும் கவிழ்வது இசையில் அல்ல, கால அட்டவணையில். ‘பன்னிரண்டு மாதத்தில் ஓபரா’ என்று எழுதினால் தேர்வுக் குழு நம்பாது. கலைஞரின் ஒப்புதல் கடிதத்தோடு ‘செல்லோவும் மின்னணு ஒலியும், 15 நிமிடம்’ என்றால் நம்பும். இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலானவர்களுக்குச் சோறு போடுவது பாடம் நடத்துவதுதான், ஓர்த்தீஸ் உட்பட. கார்லோஸ் சாவேஸும் லாவிஸ்தாவும் இருந்த, மெக்சிகோவின் உயரிய அறிஞர் அவையான எல் கோலேஹியோ நாசியோனாலில் நுழைந்த முதல் பெண் இசையமைப்பாளர் அவர். 1943-இல் தொடங்கிய அவை என்பதை நினைத்தால் எவ்வளவு தாமதம் என்று தெரியும். இல்தா பரேதேஸ், அனா லாரா, ஹியோர்ஹினா தெர்பெஸ் ஆகியோரையும் தேடிக் கேளுங்கள், ஆளுக்கொரு உலகம்.

கேட்கத் தொடங்குபவர்கள் ‘கவ்யுமாரி’, பிறகு ‘சென்திர் கே நோ சாபேஸ்’, அதன் பிறகு ‘ட்சோனோட்’ என்று போகலாம். வாசிக்க நினைப்பவர்களுக்கு: ஓர்த்தீஸின் இசைக்குழுப் படைப்புகளுக்கான தாள்களைப் பதிப்பாளர் பூசி அண்ட் ஹாக்ஸிடம் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும், நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கட்டணம். மாணவர் தந்திக்குழு முதலில் தொட வேண்டியது ‘லா கலாகா’. முதல் ஒத்திகையை எல்லோரையும் வைத்து நடத்தாமல், செல்லோவையும் டபுள் பேஸையும் மட்டும் தனியாக உட்காரவைத்துப் பாதி வேகத்தில், வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியே தாளத்தை நிலைநிறுத்தப் பழகுங்கள். அடிப்பகுதி உறுதியாகாமல் வயலின்களைச் சேர்த்தால் வேகம் தானாக ஏறும், பிறகு யாராலும் இறக்க முடியாது.